ஏனோக்கு எங்கே போனார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்தைப் பெரும்பாலானவர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். இன்னார் இத்தனை வயதில் இன்னாரைப் பெற்றான், அப்புறம் இத்தனை வருஷம் உயிரோடிருந்தான், மரித்தான். அடுத்தவருக்கும் அதே வரிசை, அதே முடிவு. அந்த அதிகாரத்தில் எட்டுப் பேரின் கதை 'மரித்தான்' என்று முடிகிறது. நடுவில் ஒருவருக்கு மட்டும் அந்தச் சொல் வரவில்லை. அவர் ஏனோக்கு. யூதர்கள் அவரை ஹனோக் என்கிறார்கள். முஸ்லிம்களில் பெரும்பாலோர் இத்ரீஸ் நபி என்று அறிந்திருப்பது இவரைத்தான். அவரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்த மரபு எதைச் சொல்கிறது என்பதைக் கலக்காமல் சொல்வதுதான் நோக்கம். ஒரு மரபின் நம்பிக்கையை இன்னொன்றின் வாயில் வைத்துப் பேசுவது இந்த விஷயத்தில் அதிகம் நடக்கிறது.

பைபிளில் ஏனோக்கைப் பற்றி எவ்வளவு இருக்கிறது?

மிகக் கொஞ்சம். ஆதியாகமம் 5:18 முதல் 24 வரை ஏழு வசனங்கள், அதிலும் பாதி வயதுக் கணக்கு. யாரேத்தின் 162ஆவது வயதில் பிறந்தார். 65 வயதில் மெத்தூசலாவைப் பெற்றார். அதன்பின் 300 வருஷம் தேவனோடு சஞ்சரித்தார், மகன்களும் மகள்களும் பிறந்தார்கள். மொத்தம் 365 வருஷம். கடைசியில் "காணப்படாமற்போனான், தேவன் அவனை எடுத்துக்கொண்டார்". அவ்வளவுதான். என்ன பேசினார், என்ன செய்தார், எப்படி இருந்தார் என்று ஒரு வரி கூட இல்லை.

புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் வருகிறார்: லூக்கா 3ஆம் அதிகாரத்தின் வம்ச அட்டவணை, எபிரெயர் 11:5, யூதா நிருபம் 14, 15. இவ்வளவு சின்ன இடத்திலிருந்து கிளம்பிய நூல்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும்.

காயீனின் மகன் ஏனோக்கும் இவரும் ஒருவரா?

இல்லை. நான்காம் அதிகாரத்தில் வருபவர் காயீனின் மகன். காயீன் ஒரு பட்டணத்தைக் கட்டி அந்த மகனின் பெயரை வைத்தான். ஐந்தாம் அதிகாரத்தில் வருபவர் சேத்தின் வம்சம். ஏனோஸ் என்பவரும் வேறு. அவர் சேத்தின் மகன்.

ஆனால் இரண்டு வம்சங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஆதாமிலிருந்து காயீன் வழியாக எண்ணினால் ஏழாவது ஆள் லாமேக்கு. எனக்குக் காயம் செய்தவனைக் கொன்றேன், எனக்காக எழுபத்தேழு மடங்கு பழி உண்டு என்று மனைவிகளிடம் பெருமை பேசியவன். சேத் வழியாக எண்ணினால் ஏழாவது ஆள் ஏனோக்கு. ஒரு ஏழாவது ஆள் கொலையைச் சொல்லிக்காட்டுகிறான்; இன்னொரு ஏழாவது ஆளைப் பற்றி, நடந்தான் என்பதைத் தவிர எதுவும் சொல்லப்படவில்லை. எழுதியவர் இதைத் தெரிந்தேதான் இப்படி அடுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

'தேவனோடு சஞ்சரித்தான்' என்றால் என்ன அர்த்தம்?

எபிரேயச் சொல்லுக்கு இங்குமங்கும் நடந்துகொண்டே இருப்பது, கூடவே நடமாடுவது என்று பொருள். ஒருமுறை போய் வந்த நடையைக் குறிப்பதில்லை, வழக்கமாகிப்போன நடை. இதே சொல் அடுத்த அதிகாரத்தில் நோவாவுக்கும் வருகிறது.

கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், மனிதன் கடவுளோடு நடந்தான் என்று எழுதத் தயங்கினார்கள் போலும். 'தேவனுக்குப் பிரியமாயிருந்தான்' என்று மாற்றினார்கள். எபிரெயர் நிருபம் இந்தக் கிரேக்க வாசகத்தைப் பின்பற்றுவதால்தான் அங்கே 'தேவனுக்குப் பிரியமானவன்' என்று வருகிறது.

எனக்குப் பிடித்தது இந்த வசனத்தில் எளிதாகக் கண்ணில் படாத பகுதி. அந்த 300 வருஷமும் அவர் காட்டுக்கோ மலைக்கோ போய்விடவில்லை. சஞ்சரித்ததும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளப்பட்டதைப் பற்றி எல்லா மரபுகளும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. வீடு நிறையப் பிள்ளைகளோடு நடந்த அந்த 300 வருஷத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அவர் சாகவில்லை என்பதுதான் யூதர்களின் நம்பிக்கையா?

ஒரே பதில் இல்லை. யூத மரபுக்குள்ளேயே இரண்டு குரல்கள் எதிரெதிராக ஒலிக்கின்றன.

ஒரு பக்கம், உயிரோடு சொர்க்கத் தோட்டத்துக்குள் போனவர்கள் என்று ஒரு பழைய பட்டியல் உண்டு. 'தெரெக் எரெட்ஸ் சூட்டா' என்ற சிறு நூலில் இருக்கிறது. சுழல்காற்றில் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட தீர்க்கதரிசி எலியாவோடு ஏனோக்கின் பெயரும் அதில் வருகிறது. யோனத்தான் பெயரால் வழங்கும் தார்கூம், அதாவது அரமேய விளக்கவுரை, அவர் பரலோகத்துக்கு ஏறிப்போய் மெட்டாட்ரோன் என்ற பெரிய எழுத்தர் ஆனார் என்கிறது.

மறுபக்கம், ஆதியாகம ரப்பா என்ற பழைய உரைத்தொகுப்பில் ரபிகள், அதாவது யூத வேத அறிஞர்கள், அவரைத் தூக்கிவைக்க மறுக்கிறார்கள். ரபி ஐபோ சொல்வது இது: ஏனோக்கு நிலையில்லாதவர், சில நேரம் நீதிமான், சில நேரம் பொல்லாதவர், ஆகவே அவர் நல்லவராக இருக்கும்போதே எடுத்துவிடுகிறேன் என்று கடவுள் எடுத்துக்கொண்டார். அதே இடத்தில் சிலர் வந்து ரபி அபாகுவிடம் வாதாடுகிறார்கள்: ஏனோக்கு செத்ததாக எங்கும் எழுதப்படவில்லையே, எலியாவுக்கு வரும் அதே 'எடுத்துக்கொள்ளுதல்' தானே இங்கேயும் வருகிறது? ரபி எசேக்கியேல் 24:16ஐக் காட்டுகிறார். அங்கே கடவுள் தீர்க்கதரிசியிடம், உன் கண்களுக்கு விருப்பமானவளை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அன்று சாயங்காலம் எசேக்கியேலின் மனைவி இறந்துபோகிறாள். ஆக, எடுத்துக்கொள்வது என்றால் சாவாகவும் இருக்கலாம்.

பதினோராம் நூற்றாண்டின் பெரிய உரையாசிரியர் ராஷி இதையே பின்பற்றினார். ஏனோக்கு நீதிமான்தான், ஆனால் மனம் எளிதில் தடுமாறக்கூடியவர். அதனால் காலத்துக்கு முன்பே எடுக்கப்பட்டார் என்று எழுதினார். மற்றவர்கள் 900 வருஷம் வாழ்ந்த பட்டியலில் 365 என்பது அற்பாயுசு. ராஷிக்கு அந்த எண் கௌரவமாகப் படவில்லை.

ஒரு நல்ல மனிதரை ரபிகள் ஏன் குறை சொல்ல வேண்டும்?

அந்தக் காலத்தில் ஏனோக்கைச் சுற்றி எழுந்த நூல்கள் அவரை ஏறக்குறைய இரண்டாவது கடவுள் அளவுக்கு உயர்த்திவிட்டன. கிறிஸ்தவர்களும் விண்ணேற்றத்துக்கு முன்மாதிரியாக அவரைக் காட்டினார்கள். ரபிகளின் கடுமை இந்த இரண்டுக்கும் எதிரான தடுப்பு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

ஆனால் 'தடுமாறியவர்' என்ற எண்ணத்தை ரபிகள் கண்டுபிடிக்கவில்லை. அது அவர்களுக்கு முன்பே இருந்தது. கத்தோலிக்க பைபிளில் இருக்கும் சாலமோனின் ஞானம் 4ஆம் அதிகாரம் பெயர் சொல்லாமல் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது: பாவிகள் நடுவே வாழ்ந்தார், தீமை அவர் மனதை மாற்றிவிடாதபடி எடுத்துக்கொள்ளப்பட்டார். அது ஏனோக்குதான். சீராக்கின் ஞானம் 44:16 இன்னும் சுவையானது. கிரேக்கப் பிரதியில் ஏனோக்கு தலைமுறைகளுக்கு 'மனமாற்றத்தின் முன்மாதிரி'. கெய்ரோவின் பழைய யூத ஜெபாலயத்தில் கிடைத்த எபிரேயப் பிரதியிலோ அவர் 'அறிவின் அடையாளம்'. ஒரே வசனம், ஒன்றில் திருந்திய பாவி, இன்னொன்றில் ஞானி. கிரேக்க மொழியில் எழுதிய யூதத் தத்துவவாதி, அலெக்சாந்திரியாவின் பைலோ, திருந்தியவர் பக்கம் நின்றார். கிரேக்க பைபிளில் 'எடுத்தார்' என்பதற்கு 'இடம் மாற்றினார்' என்று இருக்கிறது. கெட்டதிலிருந்து நல்லதுக்கு மாற்றப்பட்டவர் என்று அதை அவர் வாசித்தார்.

மெட்டாட்ரோன் என்பவர் ஏனோக்கா?

யூத மறைஞான மரபின்படி ஆம். ரபிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த பெருநூலான தல்மூதில் அப்படிச் சொல்லப்படவில்லை. தல்மூதின் ஹகிகா பகுதியில் எலிஷா பென் அபுயா என்ற அறிஞர் விண்ணுலகைப் பார்க்கிறார். அங்கே மெட்டாட்ரோன் உட்கார்ந்து இஸ்ரவேலின் புண்ணியங்களை எழுதிக்கொண்டிருக்கிறார். மேலே உட்காருதல் என்பதே கிடையாது என்று கற்ற எலிஷா அதிர்ந்துபோய், ஒருவேளை இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றனவோ என்று சொல்லிவிடுகிறார். எலிஷா உள்ளே வந்தபோது ஏன் எழுந்து நிற்கவில்லை என்று மெட்டாட்ரோனுக்கு 60 நெருப்புச் சாட்டையடி கிடைக்கிறது. இவர் தலைமைத் தூதர்தான், கடவுள் இல்லை என்பதை ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார்கள்.

'மூன்றாம் ஏனோக்கு' என்று வழங்கும் எபிரேய நூலில்தான் மெட்டாட்ரோன் தானே வாய் திறந்து, நான் யாரேத்தின் மகன் ஏனோக்கு என்கிறார். சதை நெருப்பாக மாறுகிறது. 72 சிறகுகள், 365,000 கண்கள். மற்ற தூதர்கள் அவரை 'இளைஞன்' என்று அழைக்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் எல்லோருக்கும் பிந்தி வந்தவர் அவர்.

கிறிஸ்தவர்கள் என்ன நம்புகிறார்கள்?

எபிரெயர் 11:5 தெளிவாகவே பேசுகிறது: விசுவாசத்தினாலே ஏனோக்கு மரணத்தைக் காணாதபடிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டான். பெரும்பாலான சபைகளின் நிலை இதுதான். சாகாமல் போனவர்கள் இரண்டே பேர், ஏனோக்கும் எலியாவும்.

ஆனால் இரண்டு இடங்களில் கவனமாக வாசிக்கிறவர்களுக்குக் கேள்வி எழும். எபிரெயர் 11:13 'இவர்களெல்லாரும் மரித்தார்கள்' என்கிறது. பட்டியலில் ஏனோக்கும் இருக்கிறாரே? யோவான் 3:13, பரலோகத்திலிருந்து இறங்கின மனுஷகுமாரனைத் தவிர ஒருவனும் அங்கே ஏறினதில்லை என்கிறது. அப்படியானால் ஏனோக்கு எங்கே? ஏனோக்கைத் தவிர மற்றவர்களைப் பற்றியது என்று முதல் வசனத்துக்கும், தானாக ஏறிப் போவது வேறு எடுத்துக்கொள்ளப்படுவது வேறு என்று இரண்டாவதற்கும் வழக்கமாகப் பதில் சொல்வார்கள். ஆதி கிறிஸ்தவர்களில் பலர், இன்னும் மரிக்கவில்லை, ஆனால் மரிப்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 11ஆம் அதிகாரத்தில் கடைசிக் காலத்தில் வந்து கொல்லப்படும் இரண்டு சாட்சிகள் ஏனோக்கும் எலியாவும்தான் என்றார்கள். ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் அப்படித்தான் எழுதினார்: அவர்களுடைய மரணம் நீக்கப்படவில்லை, தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. மோசேயும் எலியாவும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பைபிளில் சேராத நிக்கொதேமு நற்செய்தியில் ஒரு காட்சி மனதை விட்டுப் போவதில்லை. கிறிஸ்து பாதாளத்தைத் திறந்து ஆதாமையும் மற்றவர்களையும் பரதீசுக்குள் கொண்டுபோகிறார். முதல் ஆட்களாக வருகிறோம் என்று நினைத்து நுழைகிறவர்களுக்கு எதிரே ஏற்கெனவே இரண்டு கிழவர்கள் நிற்கிறார்கள். நீங்கள் யார், பாதாளத்தில் உங்களைக் காணவில்லையே என்று கேட்கிறார்கள். நான் ஏனோக்கு, இவர் எலியா, நாங்கள் இன்னும் மரணத்தை ருசிபார்க்கவில்லை என்று பதில் வருகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு மனந்திரும்பிய நல்ல கள்ளன், சிலுவையைத் தோளில் சுமந்தபடி வந்து சேர்கிறான்.

ஏனோக்கின் புத்தகம் என்பது என்ன? அதை அவர்தான் எழுதினாரா?

'முதலாம் ஏனோக்கு' என்று வழங்கும் நூல் 108 அதிகாரங்கள் கொண்டது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு முதல் கொஞ்சம் கொஞ்சமாக, வெவ்வேறு யூத எழுத்தாளர்கள் அவர் பெயரில் எழுதிய ஐந்து பகுதிகளின் தொகுப்பு. அவரே கைப்பட எழுதியது என்று ஆய்வாளர்கள் யாரும் சொல்வதில்லை. ஆனால் போலி நூல் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்குவதும் சரியில்லை. பழைய முன்னோர் ஒருவரின் குரலில் எழுதுவது அந்தக் காலத்தில் பக்தியின் ஒரு வழி.

முதல் பகுதியின் கதை இது. 200 காவல் தூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி, மனிதப் பெண்களை மணந்து, இராட்சதர்களைப் பெறுகிறார்கள். அசாசேல் மனிதர்களுக்கு வாளும் கேடயமும் செய்யவும், கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுத்தருகிறான். பூமி இரத்தத்தில் மூழ்குகிறது. தண்டனை அறிவிக்கப்பட்டதும் அந்தத் தூதர்கள் நடுங்கிப்போய் ஏனோக்கிடம் வருகிறார்கள். எங்களுக்காக ஒரு மன்னிப்பு விண்ணப்பம் எழுதித் தாருங்கள், எங்களால் வானத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்கிறார்கள். அவர் எழுதுகிறார். எர்மோனுக்குத் தென்மேற்கே தாண் நீரோடைகளின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த விண்ணப்பத்தை வாசித்துக்கொண்டே தூங்கிப்போகிறார். கனவில் பதில் வருகிறது: மன்னிப்பு இல்லை. கூடவே ஒரு கண்டிப்பும் வருகிறது. மனிதர்களுக்காக நீங்கள் அல்லவா பரிந்துபேச வேண்டும், உங்களுக்காக மனிதன் பேசுவதா என்று அந்தத் தூதர்களிடம் போய்க் கேள் என்கிறார் கடவுள்.

தவறு செய்த தூதர்களுக்காக ஒரு மனிதன் ஓடைக்கரையில் மனு வாசிக்கிறான். இந்த நூலில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் இதுதான்.

அப்படியானால் அது ஏன் பைபிளில் இல்லை?

எத்தியோப்பிய பைபிளில் இருக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹெதோ சபையின் வேத நூல்கள் 81; அவற்றில் இதுவும் ஒன்று. முழு நூலும் அவர்களுடைய கீஸ் மொழியில்தான் பிழைத்தது. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி 1773இல் மூன்று பிரதிகளோடு ஐரோப்பா திரும்பினார். ரிச்சர்ட் லாரன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821இல் வந்தது. 'தொலைந்துபோன நூலைக் கண்டுபிடித்தார்கள்' என்று பலர் எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எத்தியோப்பியர்களிடம் அது தொலையவே இல்லை. அவர்கள் அதைக் கையால் படியெடுத்து வாசித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

1952இல் சவக்கடலோரம் கும்ரானின் நான்காம் குகையில் இதன் அரமேயத் துண்டுகள் கிடைத்தன. நூல் கிறிஸ்தவத்துக்கு முந்தியது என்பது அதன் பிறகு உறுதியானது. ஆனால் 'மனுஷகுமாரன்' வரும் உவமைகள் பகுதியின் துண்டு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை.

மற்ற சபைகள் ஏன் ஒதுக்கின? தெர்த்துல்லியன் அதை ஏற்றார். ஜலப்பிரளயத்தில் அது எப்படித் தப்பியது என்று கேட்டவர்களுக்கு, நோவா ஏனோக்கின் கொள்ளுப்பேரன் அல்லவா, வீட்டில் கேட்டதை நினைவில் வைத்திருக்க மாட்டாரா என்று பதில் எழுதினார். அவருக்குப் பின்வந்த ஆயர் அகஸ்தீன் மறுத்தார். ஏனோக்கு எதையோ எழுதியிருப்பார் என்பதை யூதா நிருபத்தை வைத்து ஒப்புக்கொண்டார். ஆனால் இவ்வளவு பழமையானது என்று சொல்லப்படும் நூலை அவருடையதுதான் என்று உறுதிசெய்ய வழியில்லை என்றார். மேற்கில் அகஸ்தீனின் குரல்தான் நின்றது.

யூதா நிருபம் அதை மேற்கோள் காட்டுகிறதே?

காட்டுகிறது. 'ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கு' என்று தொடங்கி, ஆயிரமாயிரம் பரிசுத்தவான்களோடு கர்த்தர் வருகிறார் என்ற வாக்கு முதலாம் ஏனோக்கு 1:9இலிருந்து வருகிறது. மேற்கோள் காட்டியதாலேயே முழு நூலும் வேதமாகிவிடாது என்பது பெரும்பாலான சபைகளின் பதில். பவுலும் கிரேக்கக் கவிஞர்களை மேற்கோள் காட்டியிருக்கிறார். ஆனால் யூதா 'முன்னறிவித்தான்' என்று சொல்கிறார்; கவிஞர்களைப் பற்றி பவுல் அப்படிச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை மழுப்பாமல் ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

குர்ஆனில் ஏனோக்கு இருக்கிறாரா?

ஏனோக்கு என்ற பெயர் இல்லை. இத்ரீஸ் என்ற பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. மர்யம் அத்தியாயத்தில் (19:56, 57) அவர் உண்மையாளர், நபி, அவரை உயர்ந்த இடத்துக்கு உயர்த்தினோம் என்று இறைவன் சொல்கிறான். அன்பியா அத்தியாயத்தில் (21:85) இஸ்மாயீல், துல்கிஃப்ல் ஆகியோரோடு பொறுமையாளர்களில் ஒருவராகச் சொல்லப்படுகிறார்.

'உயர்த்தினோம்' என்பதையும், இப்னு இஸ்ஹாக் போன்ற பழைய வரலாற்றாசிரியர்கள் தந்த வம்ச வரிசையையும் வைத்து, இவரே அக்னூக், அதாவது ஏனோக்கு என்று பெரும்பாலான அறிஞர்கள் கொண்டார்கள். முதன்முதலில் எழுதுகோலால் எழுதியவர் அவர்தான் என்றும் சொன்னார்கள். யூபிலி என்ற பழைய யூத நூலும் எழுத்தைக் கற்ற முதல் மனிதர் என்று ஏனோக்கையே சொல்கிறது.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. நபித்தோழர் இப்னு மஸ்ஊத் வழியாக, இத்ரீஸ் என்பவர் இல்யாஸ்தான் (எலியா) என்ற கருத்தும் வந்திருக்கிறது. அதற்குத் துணையாக ஒரு நுட்பமான சான்று காட்டுவார்கள். மிஃராஜ் எனும் விண்ணேற்றப் பயணத்தில் முகம்மது நபி நான்காம் வானத்தில் இத்ரீஸைச் சந்திக்கிறார். ஆதமும் இப்ராஹீமும் 'நல்ல மகனே' என்று வரவேற்க, இத்ரீஸ் 'நல்ல சகோதரரே' என்கிறார். நோவாவுக்கே முன்னோரானவர் என்றால் அவரும் 'மகனே' என்றுதானே அழைத்திருக்க வேண்டும்? பணிவுக்காக அப்படிச் சொன்னார் என்று மறுதரப்பு விளக்கும். ஒரு விளிச்சொல்லை வைத்து வம்சாவளியையே ஆராய்ந்த அந்த அறிஞர்களின் கவனம் வியக்கவைக்கிறது.

இத்ரீஸ் நபி இறந்தாரா?

குர்ஆன் இதைச் சொல்லவில்லை. அவர் உயிரோடு உயர்த்தப்பட்டார் என்று ஆரம்பகாலக் குர்ஆன் விரிவுரையாளர் முஜாஹித் சொன்னதாக வருகிறது. உயர்ந்த இடம் என்பது சொர்க்கம் என்பவர்களும், நபித்துவத்தின் மேன்மை என்பவர்களும் உண்டு.

பழைய விரிவுரைகளில், யூதராக இருந்து இஸ்லாத்தில் சேர்ந்த கஅபுல் அஹ்பார் வழியாக வரும் கதை ஒன்று இருக்கிறது. மலக்குகளில், அதாவது வானவர்களில், ஒருவர் இத்ரீஸின் நண்பர். இன்னும் கொஞ்சம் காலம் நற்செயல்கள் செய்ய எனக்குத் தவணை கேட்டுப் பாருங்கள் என்று இத்ரீஸ் அவரிடம் சொல்ல, அவர் இத்ரீஸைச் சிறகில் சுமந்து மேலே கொண்டுபோகிறார். நான்காம் வானத்தில் கீழே இறங்கிவந்துகொண்டிருக்கும் மரணத்தின் மலக்கு எதிர்ப்படுகிறார். இத்ரீஸ் எங்கே என்று கேட்கிறார். இதோ என் முதுகில் என்கிறார் நண்பர். ஆச்சரியம்தான், நான்காம் வானத்தில் இத்ரீஸின் உயிரை எடு என்று எனக்குக் கட்டளை; அவர் பூமியில் இருக்கிறாரே, எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன் என்கிறார். அங்கேயே உயிர் பிரிகிறது. பிற்கால விரிவுரையாளர் இப்னு கஸீர் இதை இஸ்ராயீலிய்யாத், அதாவது வேதக்காரர்களிடமிருந்து வந்த செய்தி என்றும், இதில் சில இடங்கள் ஏற்கத்தக்கவை அல்ல என்றும் குறிப்பிடுகிறார். ஆகவே கதையைச் சொல்லலாம். குர்ஆன் சொன்னதாகச் சொல்லக்கூடாது.

அவர் என்ன தொழில் செய்தார்?

தோராவிலும் (ஆதியாகமம் அடங்கிய யூத வேதம்) குர்ஆனிலும் பதில் இல்லை. ஆனால் இரண்டு சமூகங்களும் அவர் கையில் ஊசியைக் கொடுத்திருக்கின்றன. நபித்தோழர் இப்னு அப்பாஸ் வழியாக வரும் செய்தியில் இத்ரீஸ் தையற்காரர். ஒவ்வொரு முறை ஊசி குத்தும்போதும் 'சுப்ஹானல்லாஹ்' (இறைவன் தூயவன்) என்று சொல்வார். சாயங்காலம் ஆகும்போது பூமியில் அவரைவிட நற்செயல் அதிகம் உள்ளவர் இருக்க மாட்டார். பிற்கால யூதக் கபாலா (மறைஞான) நூல்களில் ஏனோக்கு செருப்புத் தைப்பவர். ஊசி ஏறி இறங்கும் ஒவ்வொரு தையலிலும் கடவுளின் பெயரை வாழ்த்தினார். மேல் தோலும் அடித்தோலும் சேர்வதுபோல மேலுலகும் கீழுலகும் அவர் கையில் சேர்ந்தன.

யார் யாரிடமிருந்து கேட்டார்கள் என்று ஆராயலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 'சஞ்சரித்தான்' என்ற சொல்லுக்கு இரண்டு கூட்டத்தாரும் ஒரே விளக்கத்தைக் கண்டடைந்தது. 300 வருஷம் கடவுளோடு நடப்பது எப்படி இருக்கும்? தையல் தையலாக இருக்கும்.

மோர்மன் சபையார் சொல்வது வேறா?

நிறையவே வேறு. அந்தச் சபையைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித் 1830இல் தந்த மோசேயின் புத்தகத்தில் ஏனோக்கு பேச்சில் மந்தமானவர். நான் பொடியன், ஜனங்கள் என்னை வெறுக்கிறார்களே என்று தயங்குகிறார். பிறகு சீயோன் என்ற நகரத்தையே கட்டியெழுப்புகிறார், அந்த நகரமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 365 வருஷம் என்பது அந்த நகரத்தின் வயது. அவருடைய வயது 430. அதில் கடவுள் அழுகிறார். பரிசுத்தரான நீர் எப்படி அழ முடியும் என்று ஏனோக்கு கேட்கிறார். நீ காணும் இவர்கள் என் கைகளின் வேலை, தங்கள் இரத்த உறவையே வெறுக்கிறார்களே என்று பதில் வருகிறது. அந்தச் சபையை ஏற்காதவர்களும் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

வேறு யாரெல்லாம் அவரை ஏற்றார்கள்?

மூன்றாம் நூற்றாண்டில் மானி தோற்றுவித்த மதத்தில் ஏனோக்கு முந்தைய தூதர்களில் ஒருவர். கும்ரானில் கிடைத்த 'இராட்சதர் நூல்' மானியின் சீடர்கள் வழியாக மத்திய ஆசியாவின் துர்ஃபான் வரை போயிருக்கிறது. அரபு வானியலாளர் அபூ மஅஷர் இத்ரீஸையும் கிரேக்கர்களின் ஹெர்மஸையும் ஒருவராக்கினார்; பிரளயத்துக்கு முன் அறிவுக் கலைகளைக் காப்பாற்றியவர் என்றார். பஹாய் மதத்தைத் தோற்றுவித்த பஹாவுல்லாவும் தத்துவத்தில் முதலில் ஈடுபட்டவர் இத்ரீஸ் என்றும் சிலர் அவரை ஹெர்மஸ் என்பார்கள் என்றும் எழுதினார்.

இது பாபிலோனியக் கதையிலிருந்து வந்ததா?

தொடர்பு இருக்கலாம். பிரளயத்துக்கு முந்தைய மெசப்பொத்தாமிய அரசர் பட்டியல்கள் சிலவற்றில் ஏழாவதாக எண்மெதுராங்கி வருகிறார். சூரிய தேவனின் நகரமான சிப்பாரின் அரசர். தேவர்கள் அவரைத் தங்கள் சபைக்குள் அழைத்து குறி பார்க்கும் இரகசியங்களைக் கற்றுத்தந்தார்கள். ஏனோக்கும் ஏழாவது, அவருடைய வயது சூரிய ஆண்டின் நாட்கள் அளவு. ஆனால் ஆதியாகமம் இரகசிய வித்தை எதையும் அவருக்குக் கொடுக்கவில்லை, அரசராகவும் ஆக்கவில்லை. எதை வாங்கினார்கள் என்பதைவிட எதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் சொல்கிறது.

அவர் ஆதாமைப் பார்த்திருப்பாரா?

எபிரேயப் பிரதியின் எண்களைக் கூட்டினால், ஆம். சமாரியப் பிரதியிலும் கிரேக்கப் பிரதியிலும் எண்கள் மாறும். எபிரேயக் கணக்கில் உலகத்தின் 622ஆம் வருஷம் ஏனோக்கு பிறக்கிறார். 930இல் ஆதாம் மரிக்கிறார். அப்போது ஏனோக்குக்கு வயது 308. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் பார்த்த முதல் சாவு அது. அதிலிருந்து 57 வருஷம் கழித்து, 987இல், பட்டியலிலிருந்து இரண்டாவதாகப் போனவர் ஏனோக்கு.

அன்றைக்கு சேத் உயிரோடு இருந்தார். ஏனோஸ், கேனான், மகலாலெயேல் இருந்தார்கள். அப்பா யாரேத் இருந்தார். மகன் மெத்தூசலாவுக்கு 300 வயது, பேரன் லாமேக்குக்கு 113. நோவா மட்டும் இன்னும் பிறக்கவில்லை. 'காணப்படாமற்போனான்' என்று சொல்ல வேண்டுமானால் யாராவது தேடியிருக்க வேண்டும். தேடுவதற்கு முன்னும் பின்னும் ஏழு தலைமுறை அங்கே இருந்தது.